ஒரகடமா, குறிச்சியா: முதல் பட்டதாரி மாணவிக்கு எந்த இன்டர்ன்ஷிப்?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுக் கோடையில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் பெரிய தொழிற்சாலை. இன்னொன்று, கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் நீர்மூழ்கி பம்ப் கம்பெனி. இரண்டும் ஆறு வாரம். நான் குறிச்சிக்குப் போனேன், என் தோழி ஒரகடத்துக்குப் போனாள். அதனால் ஒரகடம் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவள் வாயால் கேட்டது. குறிச்சியைப் பற்றித்தான் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ஐயாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு மாத இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கட்டினார்கள். வேலை பழகப் போகிறவர் பணம் கட்டக் கூடாது, அவ்வளவுதான். அதை விட்டுவிடலாம்.

செலவுக் கணக்கும் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரகடத்தில் உதவித்தொகை கிடையாது. தங்கவும் சாப்பிடவும் மாதம் ஏழாயிரம் கேட்டார்கள். குறிச்சியில் மாதம் நாலாயிரம் கொடுத்தார்கள். சுந்தராபுரத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக வரச் செலவே இல்லை. ஆனால் சித்தி வீடு எல்லோருக்கும் இருக்காது. அதோடு, பணத்தை மட்டும் பார்த்து நான் முடிவெடுக்கவில்லை.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: என் வேலையைத் தினமும் யார் பார்ப்பார்கள்?

வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்ஜினியர் இருந்தால் இது பெரிய கேள்வி இல்லை. என்னோடு படித்த ஒருத்தியின் ரிப்போர்ட்டை அவள் அப்பா ராத்திரி உட்கார்ந்து திருத்துவார். புரியாததை மாமாவிடம் போனில் கேட்பாள். என் அப்பா தறி ஓட்டுகிறவர். நான் எழுதியது சரியா தப்பா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. 2010இலிருந்து தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தருகிற முதல் பட்டதாரிச் சான்றிதழால் அந்த ஆளை வாங்கித் தர முடியாது. வீட்டில் இல்லாத அந்த ஆள் வேலை பழகும் இடத்திலாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "சார், நான் தினமும் யார்கிட்ட வேலை கத்துக்கணும்?" ஒரகடத்தில், டிபார்ட்மென்ட் ஒதுக்கிய பிறகுதான் தெரியும் என்றார்கள். பெரிய இடத்தில் அப்படித்தான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறிச்சியில் முதலாளி டெஸ்டிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு மே மாசம் வருது, உன்கூட இருக்கட்டும்" என்றார். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அந்த அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர். இருபது வருடமாகப் பம்ப் சோதிக்கிறார். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு என் நோட்டை வாங்கிப் பார்ப்பார். இரண்டாவது வாரம் ஒரு பம்பைச் சோதித்தேன். அழுத்தம் காட்டும் கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோ காட்டியது. ஒரு கிலோ அழுத்தம் என்றால் பத்து மீட்டர் நீருயரம், ஆக 24 மீட்டர் என்று போட்டுத் திறனைக் கணக்கிட்டேன். வர வேண்டியதைவிடக் குறைவாக வந்தது. பம்பில்தான் கோளாறு என்று எழுதி வைத்தேன். அவர் திட்டவில்லை. "டேப்பை எடுத்துட்டு வாம்மா" என்றார். தொட்டி நீர்மட்டத்திலிருந்து கேஜ் வரை என்னையே அளக்கச் சொன்னார். ஒன்றரை மீட்டர். அந்த உயரத்தையும் நீருயரத்தோடு கூட்ட வேண்டும், நான் விட்டிருந்தேன். ஆறு சதவீதம் அங்கேயே போயிருந்தது. பம்பில் ஒரு கோளாறும் இல்லை.

பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக இருக்கிறது. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் டேப் பிடித்து அளந்த பிறகுதான் அது எனக்குள் போனது. இறுதியாண்டு நேர்காணலில் "இன்டர்ன்ஷிப்ல என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். கேட்டவர் அதைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். வேலைக்குச் சேரும்போது விசாரிக்க ஒருவர் எண் கேட்டார்கள், அண்ணன் எண்ணைக் கொடுத்தேன்.

என் தோழி ஒரகடத்தில் ரோபோ வெல்டிங் பார்த்தாள், பாதுகாப்புப் பயிற்சி முறையாகப் பெற்றாள், ஷூவும் கண்ணாடியும் முதல் நாளே கொடுத்தார்கள். குறிச்சியில் ஷூவை நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தகரக் கொட்டகை, மே மாதச் சூடு. இரண்டு நாள் பில் டைப் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஆனால் அவளுக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தார். ஆறு வாரத்தில் நான்கு முறைதான் பேச முடிந்தது என்றாள். மீதி நேரமெல்லாம் எக்ஸெல்லில் எண்களை நிரப்பியிருக்கிறாள்.

பெரிய பெயர் ரெஸ்யூமேயில் கண்ணில் படும், அதை மறுக்க மாட்டேன். அவளுக்கு இரண்டு இடத்தில் அந்தப் பெயராலேயே அழைப்பு வந்தது. பெரிய இடத்திலும் இன்னார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் சொல்லி உறுதி கொடுத்தால் நானே அங்கேதான் போகச் சொல்வேன். மென்பொருள் துறைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

குறிச்சி இடம் எந்த இணையதளத்திலும் இல்லை. எங்கள் ஊரில் போர்வெல் மோட்டார் இறக்கும் மெக்கானிக் அண்ணன் சொன்ன கம்பெனி அது. மோட்டார் பெயர்த்தகட்டில் முகவரி இருந்தது. நமக்கு ஆள் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். மேனேஜரைத் தெரியாதுதான். ஆனால் மெக்கானிக்கைத் தெரியும், லாரி டிரைவரைத் தெரியும், காயில் சுற்றும் அக்காவைத் தெரியும். குறிச்சியில் வைண்டிங் பகுதி முழுக்கப் பெண்கள் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவும் சம்மதித்தார்.

சின்ன இடத்துக்குப் போகிறவர்கள் சான்றிதழில் கவனமாக இருங்கள். லெட்டர்ஹெட், ஜி.எஸ்.டி. எண், தேதிகள், செய்த வேலை நாலு வரி, இவ்வளவும் இருக்க வேண்டும். நானே எழுதிக்கொண்டு போய் கையெழுத்து வாங்கினேன்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றியும் ஜூனியர்கள் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்தபோது அது முழுநேர மாணவர்களுக்கு இல்லை. நாட்ஸ் என்கிற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் வழியாகக் கிடைக்கும் பட்டதாரி அப்ரென்டிஸ் பயிற்சியும் டிகிரி முடித்த பிறகுதான். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

நான் மார்ச் கடைசியில் தேட ஆரம்பித்தேன், மூன்று கம்பெனிகளில் இடம் முடிந்துவிட்டது என்றார்கள். பொங்கல் முடிந்ததும் கல்லூரிக் கடிதத்தோடு கிளம்பிவிடுங்கள். போனில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். நேரில் போனால் உட்காரச் சொல்கிறார்கள்.