பள்ளம் வெட்டிய தமிழ் எழுத்துப் பயிற்சி நூல்: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான்கரை வயது மகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குவதற்காக, எழுத்துகளின் வடிவிலேயே தாளில் பள்ளம் வெட்டப்பட்ட பயிற்சி நூல் தொகுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கி, இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். உயிர், மெய், க வரிசை உயிர்மெய், எண்கள் என நான்கு நூல்களும், எழுதிய சிறிது நேரத்தில் மை மறைந்துவிடும் பேனாவும் அதில் உள்ளன.

விரல்களுக்கு இந்நூல் தரும் பழக்கம் உண்மையிலேயே நல்லது. இ, ஐ, ஞ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளைப் புள்ளிகளின் மேல் எழுதச் சொன்னபோது பாதியிலேயே அழுத மகள், பள்ளத்தில் பேனாவை நகர்த்தியபோது எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கையாலேயே உணர்ந்துகொண்டாள். விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அதிலும் இதே தொடுவுணர்வுதான் இருக்கிறது.

எழுத்துகளின் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. நூல் அகரத்தில் தொடங்குகிறது. எழுதுவதற்குக் கடினமான எழுத்துகளுள் அதுவும் ஒன்று. நேர்கோடுகளால் ஆன ட, ப ஆகியவற்றில் தொடங்கி மகரத்துக்கு வந்தால், மூன்று எழுத்துகளையும் ஒரு புள்ளியையும் கொண்டு படம், மடம், பட்டம் என்று குழந்தை சொற்களையே எழுதிவிடும். நாங்கள் அந்த வரிசைப்படியே பக்கங்களைப் புரட்டிக்கொண்டோம்.

உயிர்மெய் நூலின் குறை இதைவிடப் பெரிது. 216 உயிர்மெய்களுக்கும் க வரிசையே மாதிரி என்று விட்டுவிட்டார்கள். கா, கி, கெ ஆகியவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். உகர வரிசைக்குப் பொருந்தாது. கு, சு, து, மு என்ற நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஒவ்வொன்றின் குறியும் வெவ்வேறாக இருப்பது தெரியும். கொ என்ற எழுத்தில் ஒலி ககரத்தில் தொடங்கினாலும் கை முதலில் கொம்பைத்தான் போட வேண்டும். எதை முதலில் எழுதுவது என்று காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கத்திலும் இல்லை. என் மகள் பல நாள் ககரத்தை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடினாள்.

எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதற்கு இந்நூல் உதவாது. நண்டு, கன்று, பந்து என்ற மூன்று சொற்களைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தால்தான் டகரத்துக்கு முன் மூன்று சுழி ண், றகரத்துக்கு முன் இரண்டு சுழி ன், தகரத்துக்கு முன் ந் என்ற இனப் பொருத்தம் குழந்தையின் காதிலும் கண்ணிலும் பதிகிறது. ஆகவே ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் நூலில் எழுதியபின், ஐந்து சொற்களைச் சிலேட்டில் எழுதவைக்கிறேன்.

பள்ளம் கையைத் தாங்கிக்கொள்வதால், இரட்டைக்கோடு நோட்டுக்கு மாறியதும் எழுத்துகள் கோட்டை மீறிப் பெரிதாகிவிட்டன. அதனால் ஓர் எழுத்து பிடிபட்டவுடன் பள்ளத்தை விட்டுவிடுவது நல்லது. உயிரெழுத்து, மெய்யெழுத்து நூல்கள் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். மற்ற இரண்டுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பலப்பமும் வாங்கிவிடலாம்.