உப்புக்காற்றுக்கு எந்தக் கம்ப்யூட்டர்? பாம்பன் முதல் தொண்டி வரை ஒரு ஒப்பீடு

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்பவர்கள் விலையையும் வாரண்டியையும்தான் கேட்பார்கள். இப்போது கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், "இதில் எது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவு?" என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை ஏசி அறைக்குள் மேசை போட்டிருப்பவர்களுக்காக எழுதியவை. தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ கடல் பக்கம் ஜன்னல் திறந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தரவரிசை அப்படியே செல்லாது. இங்கே உப்பு வந்து வரிசையைக் கலைத்துவிடும்.

அதனால் நம் பக்கத்து ஆட்கள் உண்மையில் யோசிக்கும் தேர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிளின் புதிய மேக்புக் ஏர் லேப்டாப், மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த ஏசர் ஆஸ்பயர் வேரோ, கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் வகையறா, அப்புறம் கடைகளுக்கான டெஸ்க்டாப்.

முதலில் ஒரு கணக்கு. 2004ல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப்பைச் செய்து முடிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ ரசாயனங்களும், 1,500 லிட்டர் தண்ணீரும் செலவாவதாகச் சொன்னது. அது பெரிய டப்பா மானிட்டர் காலம். இன்றைய லேப்டாப் அந்த அளவுக்கு விழுங்குவதில்லை என்றாலும் அடிப்படை மாறவில்லை. 2020ல் வந்த, எம்1 சிப் போட்ட மேக்புக் ஏருக்கு ஆப்பிளே போட்ட கணக்கு, வாழ்நாள் முழுவதற்கும் 161 கிலோ கரியமில வாயு. அதில் மிகப் பெரிய பங்கு உற்பத்தியிலேயே போய்விடுகிறது. நீங்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே பாவத்தில் பாதிக்கு மேல் நடந்து முடிந்திருக்கும். அந்தச் செலவை 3 வருடத்துக்குப் பங்கு போடுகிறோமா, 9 வருடத்துக்கா என்பதுதான் நம் கையில் இருப்பது.

அந்த வருடங்களை இங்கே தீர்மானிப்பது உப்பு. சாதாரண உப்புத்தூள், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் இரவு நேரத்தில் அந்த அளவைத் தாண்டுவது சகஜம். மதர்போர்டில் படிந்த உப்பு இரவில் நீராகி, பகலில் காய்ந்து, மறுபடி நீராகும். இதோடு கரையில் ஒதுங்கி அழுகும் பாசியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேறு, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பாதுகாப்புப் பூச்சும் கொடுத்துக் கட்டினார்கள். லேப்டாப்புக்கு அப்படி யார் செய்கிறார்கள்?

பாம்பன் பக்கம் இரண்டு மூன்று வருடம் ஓடிய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது ஃபேன்தான். அதன் இதழ்களில் தூசியும் உப்பும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். சூட்டை வெளியே தள்ளும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். ரேம் செருகும் இடத்தில் பச்சையாகக் களிம்பு. யூஎஸ்பி வாயின் தகரம் பழுப்பேறியிருக்கும். சில திருகுகளின் தலை துருவால் தேய்ந்து, ஸ்க்ரூடிரைவர் வைத்தால் வழுக்கும். இத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது அந்த ஃபேன்தான்.

இந்த ஒரு விஷயத்தில் மேக்புக் ஏர் எல்லாவற்றையும் முந்திவிடுகிறது. 2020 கடைசியில் வந்த எம்1 ஏரிலிருந்து அடுத்தடுத்த ஏர் மாடல்களில் ஃபேனே கிடையாது, வெளிக்காற்றை உள்ளே இழுப்பதும் இல்லை. 2018லிருந்து அதன் மேல்கூட்டை முழுக்க மறுசுழற்சி அலுமினியத்தில் செய்கிறார்கள். புதிதாகத் தாது தோண்டி உருக்கும் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இதற்கான மின்சாரம் மிகக் குறைவு, இது வெறும் விளம்பரம் இல்லை. வேலை செய்யும்போது கரண்டும் சொற்பமாகவே குடிக்கும்.

சிக்கல் அது பழுதாகும் நாளில் தொடங்குகிறது. ரேமும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் போர்டோடு போர்டாகப் பற்றவைத்தவை. கீபோர்டு மேல்கூட்டோடு ரிவெட் அடித்து இணைந்திருக்கிறது. கரையோரத்தில் முதலில் போவதே கீபோர்டுதான், ஏனென்றால் ஃபேன் இல்லாவிட்டாலும் விரல் ஈரமும் காற்றும் விசை இடுக்கு வழியாக இறங்கும். நாலு விசை வேலை செய்யவில்லை என்பதற்கு மேல்கூட்டையே மாற்றச் சொல்வார்கள். போர்டில் களிம்பு ஏறிவிட்டால் வாரண்டி கைகொடுக்காது, அதை ஈரம்பட்ட சேதம் என்று எழுதிவிடுவார்கள். அந்தச் செலவைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். நல்ல அலுமினியமும் நல்ல சிப்பும் அதோடு பரணுக்குப் போய்விடும். 8 ஜிபி ரேமோடு வாங்கியவருக்கு 16 ஆக்கும் வழியும் இல்லை. வாங்குவதானால் முதலிலேயே 16 ஜிபி, மேலே ஒரு சிலிக்கான் கீபோர்டு உறை, கடல் பார்த்த ஜன்னலுக்குத் தள்ளி ஒரு மேசை.

ஆஸ்பயர் வேரோ வேறு வழியில் யோசித்த பொருள். 2021ல் வந்த முதல் மாடலின் கூட்டில் 30 சதவீதமும், விசை மூடிகளில் 50 சதவீதமும், மக்கள் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை. பெயிண்ட் அடிப்பதில்லை. சாதாரணத் திருகுகளைக் கழற்றி உள்ளே போகலாம். பிளாஸ்டிக் கூடு துருப்பிடிக்காது என்பது நமக்குக் கூடுதல் லாபம். ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. லேப்டாப்பின் கெடுதல் பெரும்பாலும் சிப்பிலும் போர்டிலும் திரையிலும் இருக்கிறது, கூட்டில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் 30 சதவீதத்தைக் குறைத்துவிட்டு லேப்டாப் முழுவதும் பசுமை என்று பெட்டியில் படம் போட்டால் எப்படி? மற்றபடி ஃபேன் உள்ள எந்த லேப்டாப்புக்கும் வரும் உப்புப் பிரச்சினை இதற்கும் வரும்.

கடல் பிளாஸ்டிக் விளம்பரங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2019ல் எச்பி எலைட் டிராகன்ஃபிளை லேப்டாப்பின் ஸ்பீக்கர் கூட்டிலும், 2021ல் மைக்ரோசாஃப்ட் ஒரு மவுஸின் ஓட்டில் 20 சதவீதமும், கடலிலிருந்தோ கடலுக்குப் போகும் வழியிலோ எடுத்த பிளாஸ்டிக்கைப் போட்டார்கள். இந்தத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல்படி, கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் ஒழுங்காகக் குப்பை அள்ளாத இடத்தில் கிடக்கும் பிளாஸ்டிக்கே கடலுக்குப் போகவிருந்த பிளாஸ்டிக் என்று கணக்கில் வரும். அப்படிப் பார்த்தால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் குப்பைக்கும் அந்தப் பட்டம் கிடைக்கலாம்! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளில் சிக்கிக் கிடக்கும் அறுந்த நைலான் வலையை இழுத்து வருவது வேறு வேலை.

சரி, செகண்ட் ஹேண்டுக்கு வருவோம். சென்னை, பெங்களூரு கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லேப்டாப்புகள் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வழியாக நம் ஊருக்கும் வருகின்றன. கீழக்கரையில் துபாயிலிருந்து வருகிறவர்கள் கையோடு கொண்டுவருவதும் உண்டு. திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றும் 2018 வாக்கில் வந்தவை. மூன்றிலும் ரேம் தனியாகக் கழலும், எஸ்எஸ்டி தனியாகக் கழலும், பேட்டரியைத் திருகு கழற்றி மாற்றலாம். டி480ல் இரண்டு பேட்டரி, ஒன்று வெளியிலிருந்தே உருவக்கூடியது. கீபோர்டும் தனிப் பாகமாகவே கடையில் கிடைக்கும்.

இவற்றின் உற்பத்திக் கெடுதல் ஏற்கனவே நடந்து முடிந்தது. இன்னொரு 5 வருடம் ஓட்டினால், ஒரு புது லேப்டாப் செய்யப்படுவதை அந்த அளவுக்குத் தள்ளிப்போடுகிறோம். விலையும் அதே தரத்துப் புதியதில் பாதிக்குக் கீழேதான். கரையோரத்தில் பெரிய லாபம் இன்னொன்று. திறக்கலாம் என்பதால் கழுவலாம்.

கழுவுவதில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் போர்டு பளிச்சென்று தெரியும், ஆனால் உப்பு ஆல்கஹாலில் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகக் கரைவது. எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு அங்கேயே இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு முதலில் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் உப்பை எடுக்க வேண்டும். அப்புறம் ஆல்கஹால் விட்டு அந்தத் தண்ணீரை விரட்டி, நன்றாகக் காயவைத்து மூட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்ததும் செய்தால் போதும். விவரம் தெரிந்த சர்வீஸ் பையன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

செகண்ட் ஹேண்டிலும் குழி உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் சிப்பில் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். டி470, டி480 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் டி470 இந்தக் கோட்டுக்கு வெளியே. ஒரு மென்பொருள் விதியால் நல்ல நிலையில் உள்ள லட்சக்கணக்கான லேப்டாப்புகள் ஒரே நாளில் பழசாகிப் போனதை எந்தப் பசுமை முத்திரையும் தடுக்கவில்லை. டி470 சல்லிசாகக் கிடைத்து, வேலை டைப்பிங்கும் பிரௌசரும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம், தமிழ்99 விசைப்பலகை அதில் நன்றாகவே வேலை செய்யும். எக்ஸ்280 போன்ற மெல்லிய மாடல்களில் ரேம் பற்றவைத்தது. பெயரில் திங்க்பேட் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவு என்று கொடுக்கும் முத்திரைகளைப் பற்றி இரண்டு வரி. ஈபீட் தங்கம், டிசிஓ, எனர்ஜி ஸ்டார் மூன்றுமே மதிக்கத்தக்கவை. முதல் இரண்டும் நச்சுப்பொருள், மின்செலவு, உதிரிபாகம் என்று பலவற்றைப் பார்க்கின்றன, எனர்ஜி ஸ்டார் மின்செலவைப் பார்க்கிறது. ஆனால் 2012 ஜூலையில் ஆப்பிள் ஈபீட்டிலிருந்து விலகி, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததும் சில நாளிலேயே திரும்பி வந்தது. விருப்பமிருந்தால் சேரும் பட்டியல் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. நமக்கு உண்மையில் வேண்டிய சோதனை வேறிடத்தில் இருக்கிறது. "ராணுவத் தரச் சோதனை" என்று விளம்பரத்தில் வரும் மில்-எஸ்டிடி-810 என்பது பல சோதனைகளின் தொகுப்பு, எவற்றைச் செய்வது என்பது கம்பெனியின் விருப்பம். அதில் 509ஆம் முறைதான் உப்புமூட்டச் சோதனை. விவரத்தாளில் அது இல்லையென்றால், கீழே விழுந்தால் தாங்குமா என்பது போன்ற மற்ற சோதனைகளுக்குத்தான் அந்த விளம்பரம், கடலுக்கு அல்ல.

கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழாக மாறும். ஜெராக்ஸ் கடை, டிக்கெட் புக்கிங், இ-சேவை என்று நாள் முழுக்க ஓடும் இடத்தில் மின்செலவும் பெரிதாகிவிடுகிறது. தினம் 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்று வைப்போம். 15 வாட் லேப்டாப் 45 யூனிட் எடுக்கும். மானிட்டரோடு 90 வாட் இழுக்கும் பழைய அசெம்பிள்டு டவர் 270 யூனிட் எடுக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. வித்தியாசம் 225 யூனிட், ஏறக்குறைய 158 கிலோ. ஒரு எம்1 ஏருக்கு ஆப்பிள் சொன்ன மொத்தக் கணக்கை இந்த டவர் ஒரே வருடத்தில் தொட்டுவிடுகிறது. "நம்ம மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, 2016லிருந்தே. ஆனால் அந்தக் கரண்டு நேராக நம் கடைக்கு வருவதில்லை, பொதுக் கம்பியில் நிலக்கரி மின்சாரத்தோடு கலந்துதான் வரும்.

ஆகவே கடைக்கு என் தேர்வு, கம்பெனிகள் கழித்த சின்னப் பெட்டி டெஸ்க்டாப். லெனோவோ டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி மினி போன்றவை. மானிட்டரையும் சேர்த்து 40 வாட் அளவில் அடங்கும், லேப்டாப் ரேமே பொருந்தும், கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். ராஸ்பெர்ரி பை 400, 500 இரண்டும் ஃபேன் இல்லாமல் கீபோர்டுக்குள்ளேயே அடங்கியவை, மின்செலவு இன்னும் குறைவு. பிள்ளைகள் புரோகிராம் பழக அருமையான பொருள், ஆனால் விண்டோஸ் மட்டுமே கேட்கும் பில்லிங் மென்பொருளும் கைரேகைக் கருவியும் வைத்திருக்கும் கடைக்கு ஒத்துவராது.

வீட்டுக்கும் படிப்புக்கும் என்றால் 8ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப், வருடம் ஒரு கழுவல். கையில் பணம் இருந்து, திறந்து பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு ஏர். வேரோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, புதிதுதான் வேண்டும், விண்டோஸும் வேண்டும் என்பவர்களுக்கு.

எதை வாங்கினாலும் சும்மா வைக்காதீர்கள். ஓடும் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே உள்ளே ஈரத்தைக் குறைத்துக்கொள்ளும், அணைத்துவைத்ததுதான் சீக்கிரம் அரிக்கும். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட லேபில் ஜூன் மாதம் திறந்ததும் நாலு சிஸ்டம் எழுந்திருக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடலாம், முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கலாம்.

கடைசியில் அது எங்கே போகும் என்பதையும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், பழைய பொருளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மூலம் முடித்துவைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போனால் ஒயரைக் கொளுத்திச் செம்பை எடுப்பார்கள், மிச்சம் மணலில் கிடக்கும். ராமேசுவரம் தீவில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உப்புநீர் மேல் மிதக்கிறது. மணலில் இறங்கும் ஈயத்துக்கும் அமிலத்துக்கும் அந்த ஊற்று வெகுதூரமில்லை. பில் போடும்போதே, இந்தக் கம்பெனியின் பழைய பொருளை இந்தப் பக்கத்தில் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு, கடைக்காரர் சொல்வதை அந்த பில்லின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை வீட்டில் வைத்திருக்காமல், குத்தாமல் அழுத்தாமல், உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.