தொடையில் பட்டையா, ஆக்சிஜன் குறைந்த அறையா?

ஃபுட்சால் ஆடப்போய் வலது முழங்காலில் லிகமென்ட் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக் கண்ணாடி முன் நின்றேன். வலது தொடை இடதைவிட அப்பட்டமாக இளைத்திருந்தது. கன எடையை முழங்கால் தாங்காது; லேசான எடையைச் சும்மா தூக்கினால் தசை அவ்வளவாக ஏறாது. அப்போதுதான் லேசான எடையிலேயே தசையை ஏற்ற இரண்டு வழிகள் காதில் விழுந்தன: தொடையின் மேற்பகுதியில் காற்றடைக்கும் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தூக்குவது, இல்லையென்றால் ஆக்சிஜன் குறைந்த அறையில் தூக்குவது. நான் தேர்ந்தெடுத்தது பட்டை.

ஆக்சிஜன் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். மலையுச்சியில் மூச்சுவிடுவது மாதிரி என்று கடையில் விற்கும் பயிற்சி முகமூடி ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. உள்ளே போவது அதே 20.9 விழுக்காட்டுக் காற்று, இழுப்பதுதான் சிரமம். உண்மையான வழி, ஆக்சிஜன் குறைத்த அறை. 14.5 விழுக்காட்டுக்கு இறக்கினால் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் நிற்பது மாதிரி. சிங்கப்பூரிலேயே உயரமான நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். இரண்டே முறை போனேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆய்வுகளிலும் சிலவற்றில் தசை கூடுதலாக வளர்ந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. எனக்குத் தலை கனத்தது, நாடி எகிறியது. பழுது ஒரு தொடையில். உடம்பு முழுவதையும் ஏன் வாட்ட வேண்டும்?

பட்டை முறை 1960களில் ஜப்பானில் சாட்டோ யோஷியாகி தொடங்கியது. அங்கே 'காட்சு' என்பார்கள். ரத்தம் தொடைக்குள் ஓரளவு வரும், சிரை அழுந்தியிருப்பதால் சுலபமாகத் திரும்பாது. கழிவு தேங்குகிறது, சிறு தசை இழைகள் சீக்கிரம் களைக்கின்றன, வழக்கமாகக் கன எடைக்கு எழுந்து வரும் பெரிய இழைகள் வேலைக்கு வந்துவிடுகின்றன. அதனால் ஒருவர் ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 20 முதல் 30 விழுக்காடு போதும். முதலில் 30 தடவை, பிறகு மூன்று முறை பதினைந்து பதினைந்து. நடுவே அரை நிமிட ஓய்வு. கடைசிப் பதினைந்தில் தொடை எரியும் பாருங்கள், அப்படி எரியும்.

எல்லாம் அழுத்த அளவில்தான் நிற்கிறது. ஜிம்மில் ஒரு தம்பி எலாஸ்டிக் துணியைச் சுற்றிவிட்டு, "பத்துக்கு ஏழு இறுக்கம் வைங்கண்ணே" என்றார். அவருடைய ஏழும் என்னுடைய ஏழும் ஒன்றா? அகலமான பட்டை குறைந்த அழுத்தத்திலேயே ரத்தத்தை நிறுத்திவிடும், குறுகலானதற்குக் கூடுதல் வேண்டும். பருத்த தொடைக்கு இன்னும் கூடுதல். அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்க முடியாது. என் பிசியோ உள்கணுக்காலில் ஜெல் தடவி டாப்ளர் கருவியை வைத்தார். 'உஷ், உஷ்' என்று நாடி கேட்டது. பட்டையில் காற்று ஏற ஏறச் சத்தம் மெலிந்து, 180 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நின்றது. அதில் 60 விழுக்காடு, அதாவது 108, என் அளவு. காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பட்டையைத் தொடவே வேண்டாம்.

தசைப் பருமனில் பட்டை கன எடையை நெருங்கும், பலத்தில் கன எடைதான் முந்தும். நான்காம் மாதம் பிசியோவே பட்டையைக் கழற்றி லெக் பிரெஸ்ஸில் எடையை ஏற்றினார். இப்போது முழங்கால் முரண்டு பிடிக்கும் நாள்களில் மட்டும் அதைக் கட்டுகிறேன், அதே 108இல்தான். தொடை பருத்திருக்கிறது, மறுபடி அளக்க அடுத்த வாரம் போகிறேன்.