ஆக்மென்டட் ஸ்கேல் வீடியோ பாடம்: காதுக்கு நல்ல குரு, இடது கைக்கு யாருமில்லை

பியானோவில் ஆக்மென்டட் ஸ்கேல் (ஆறு சுரம் கொண்ட மேற்கத்திய சுர வரிசை) பழக ஒரு வீடியோ பாடத்தொகுப்பு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. மொத்தம் ஆறு பாடங்கள். தினமும் காலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருகிறேன்.

முதல் பாடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. சி, டி ஷார்ப், இ, ஜி, ஜி ஷார்ப், பி என்று ஆறு சுரத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. முதலில் சி, இ, ஜி ஷார்ப் மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்த ஒலியைக் கேட்கச் சொல்கிறார் ஆசிரியர். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செமிடோன் (பக்கத்துக் கட்டை, அதாவது அரைச்சுரம்) கீழே தொட்டுவிட்டு ஏற வேண்டும்: பி–சி, டி ஷார்ப்–இ, ஜி–ஜி ஷார்ப். அவ்வளவுதான், ஸ்கேல் கைக்கு வந்துவிட்டது.

சிறு வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவள் என்பதால் எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. ஷட்சுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். 33-ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) காங்கேயபூஷணியில் மத்யமத்தை விட்டுவிட்டால் இதே ஆறு சுரம்தான்! பாடத்தில் இது இல்லை. ஆனால் இப்படிப் பாடிப் பார்த்த பிறகுதான் எனக்கு டி ஷார்ப் தடுமாறாமல் விழுந்தது.

மூன்றாவது பாடத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பன்னிரண்டு கீக்கும் (ஆதார சுரத்துக்கும்) பன்னிரண்டு பக்கம் பயிற்சித்தாள் தருகிறார்கள். சி, இ, ஏ பிளாட் (ஜி ஷார்ப்பின் இன்னொரு பெயர்) எதில் தொடங்கினாலும் வருவது அதே ஆறு கட்டைகள்தான். ஆக, மொத்தமே நான்கு ஸ்கேல்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். கடைசிப் பாடம் இதற்கு ஈடுகட்டுகிறது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-இல் பதிவு செய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பி, ஜி, இ பிளாட் என்று மூன்று கீக்குள் சுற்றுகிறது. அந்த மூன்று கீயின் மேஜர் கார்டும் (சேர்த்து ஒலிக்கும் மூன்று சுரம்) ஒரே ஆக்மென்டட் ஸ்கேலுக்குள் இருப்பதை ஆசிரியர் வாசித்தே காட்டுகிறார். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பெரிய குறை விரல் வைப்பு. கட்டைவிரலை 1 என்று எண்ணி, வலது கையில் சி-க்கு 1, டி ஷார்ப்புக்கு 2, இ-க்கு 3 என்று போட்டு, கட்டைவிரலை ஜி-க்கு நுழைக்கச் சொல்கிறார்கள். வெள்ளைக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்கு அவ்வளவு தூரம் நுழைத்தால் மணிக்கட்டு திரும்புகிறது. இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நானே தேடி எடுத்தது இது. கருப்புக் கட்டைக்கு அடுத்துதான் கட்டைவிரல் வர வேண்டும். சி-யில் இரண்டாம் விரலில் தொடங்கினால் வலது கை 2-3-1-2-3-1, இடது கை 3-2-1-3-2-1. இரண்டு கட்டைவிரலும் இ-யிலும் பி-யிலும் ஒன்றாக விழும். டி-யில் தொடங்கும் ஸ்கேலுக்கும் இது பொருந்துகிறது. அங்கே கட்டைவிரல் டி, ஏ இரண்டிலும். இ பிளாட்டில் மட்டும் ஓரிடம் ஒத்துழைக்கவில்லை: பி-யிலிருந்து டி-க்குப் போகும் இடம். அதை மெட்ரோனோமில் (தாளக் கருவியில்) நிமிடத்துக்கு 50 தட்டு வைத்துத் தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.