பனியில் எவ்வளவு தண்ணீர்? ரேடாரும் தரைக்கருவிகளும்

20 சென்டிமீட்டர் பனி விழுந்தது என்று செய்தியில் சொல்கிறார்கள். அதை உருக்கினால் எவ்வளவு தண்ணீர் வரும்? 'பத்துக்கு ஒன்று' என்பது பழைய கணக்கு. அதன்படி 20 மில்லிமீட்டர். ஆனால் நல்ல குளிரில் விழும் பஞ்சு போன்ற பனி இருபதுக்கு ஒன்றுதான் கொடுக்கும். உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியோ ஐந்துக்கு ஒன்று கொடுத்துவிடும். அதாவது அதே 20 சென்டிமீட்டரில் 10 மில்லிமீட்டர் தண்ணீரும் இருக்கலாம், 40 மில்லிமீட்டரும் இருக்கலாம். அணையில் வரத்தைக் கணக்கிடுபவருக்கும், கூரை தாங்குமா என்று பார்ப்பவருக்கும் வேண்டியது ஆழமல்ல, இந்தத் தண்ணீர் அளவுதான். அதை அளக்க எந்த வழி நல்லது என்பதுதான் இங்கே கேள்வி.

பனி விழ வெளியே வைக்கும் வெள்ளைப் பலகையும் அளவுகோலும் ஆழத்தை மட்டும் சொல்லும். அந்தப் பனியை உருக்கிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரியும். எளிமையான, நம்பகமான முறை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் நேரில் போயாக வேண்டும்.

அடுத்து எடை மழைமானி. விழும் பனியைப் பாத்திரத்தில் பிடித்து நிறுத்துப் பார்ப்பதால் உருக்கும் வேலை இல்லை, நேரடியாகத் தண்ணீர் அளவே கிடைக்கும். இதன் எதிரி காற்று. பாத்திரத்தின் வாய்க்கு மேலே காற்று வளைந்து எழும்பும்போது மழைத்துளி கனத்தால் உள்ளே விழுந்துவிடும், லேசான பனித்திவலை காற்றோடு பறந்துவிடும். தடுப்பு இல்லாத மானி பலத்த காற்றில் விழுந்ததில் பாதியைக்கூடப் பிடிக்காமல் போவது உண்டு. அதனால்தான் உலக வானிலை அமைப்பு ஒப்பீட்டு அளவையாக ஏற்றுக்கொண்ட மானியைச் சுற்றி எண்கோண வடிவில் இரட்டை வேலி போடுகிறார்கள். வெளிவேலியின் விட்டம் மட்டும் 12 மீட்டர். இத்தனை இடமும் செலவும் எல்லா நிலையத்திலும் நடக்கிற காரியமா?

இனி ரேடார். மானி ஓர் இடத்தை மட்டும் சொல்ல, ரேடார் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வட்டத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடித்துத் தருகிறது. புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே வலுக்கிறது என்பதில் அதற்கு ஈடாக வேறொன்றும் கிடையாது. ஆனால் ரேடார் தண்ணீரை அளப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. அது அளப்பது திரும்பி வரும் எதிரொலியின் பலத்தை. அதிலிருந்து தண்ணீருக்குப் போகும் பாதையில்தான் சிக்கல்.

மழைக்கே அந்தப் பாதை கரடுமுரடானது. ஒரு துளியின் எதிரொலி அதன் விட்டத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும். 3 மில்லிமீட்டர் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர் துளிகள் 729 சேர்ந்து தரும் எதிரொலியைத் தரும். ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் 27 சிறு துளிகளின் அளவே. பனிக்கு வந்தால் இன்னும் மோசம். திவலையின் எதிரொலி ஏறக்குறைய அதன் நிறையின் வர்க்கத்தோடு போகிறது. ஒரே அளவு பனிக்கட்டி பத்துத் திவலைகளாகப் பிரிந்திருப்பதற்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு விழுவதற்கும் எதிரொலியில் பத்து மடங்கு வேறுபாடு. தண்ணீர் என்னவோ அதேதான். போதாததற்கு, பனிக்கட்டி ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் திறன் நீரினுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான். எதிரொலியை மழையளவாக மாற்ற மார்ஷலும் பாமரும் 1948இல் கொடுத்த சமன்பாட்டை அப்படியே பனிக்குப் போட முடியாது. சேக்கோனும் ஸ்ரீவாஸ்தவாவும் 1970இல் பனிக்கென்று தனியாக ஒன்று கொடுத்தார்கள். ஆனால் திவலையின் வடிவம் மாறினால் சமன்பாட்டின் எண்களும் மாறியாக வேண்டும்.

அப்புறம் உயரம். அரை டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் கற்றை, 100 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேலே இருக்கும். 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பனி மேகங்கள் பல நேரம் இதைவிடத் தாழ்வானவை. கற்றை மேகத்தின் மேலே போய்விட்டால், கீழே கொட்டிக்கொண்டிருக்கும்போதே திரை காலியாக இருக்கும். கற்றையில் பட்ட திவலையும் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஒன்றரை கிலோமீட்டர் இறங்க 25 நிமிடம் ஆகும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அதற்குள் அது 15 கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் தரையைத் தொடும். திவலைகள் உருகத் தொடங்கும் அடுக்கிலோ நேர்மாறான தவறு. ஈரம் பூசிய பெரிய திவலை, ரேடாருக்குப் பெரிய மழைத்துளியாகத் தெரியும். அங்கே கணக்கு எகிறிவிடும்.

கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பும் இருமுனைவு ரேடார் இதில் ஓரளவு கை கொடுக்கிறது. அமெரிக்கா தன் தேசிய ரேடார் வலையை 2013க்குள் இதற்கு மாற்றி முடித்தது. எங்கே மழை, எங்கே பனி, எங்கே உருகும் அடுக்கு என்று பிரித்துக் காட்டுவதில் இது பெரிய முன்னேற்றம். எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு மட்டும் இது முழுப் பதில் தந்துவிடவில்லை.

தரையில் கிடக்கும் பனிக்கு வேறு கருவிகள் உண்டு. குழாயைச் செருகி எடுத்து நிறுத்துப் பார்ப்பது பழைய வழி. உறைபனி எதிர்ப்புத் திரவம் நிரப்பிய தட்டையான பனித்தலையணை, மேலே சேர்ந்த பனியின் பாரத்தைத் தானாகவே பதிவு செய்யும். அதற்கும் ஒரு குறை உண்டு. பனிக்குள் இறுகிய பனிக்கட்டி அடுக்கு உருவானால், அது பாலம் போலப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், தலையணைக்கு முழு எடை வந்து சேராது. இருந்தாலும் ரேடாரால் முடியாத ஒன்றை இவை செய்கின்றன. ரேடார் விழுவதைத்தான் பார்க்கிறது. விழுந்த பிறகு உருகியது, ஆவியானது, காற்றில் அடித்துப்போனது எதுவும் அதற்குத் தெரியாது.

என் தேர்வைக் கேட்டால், இன்றிரவு புயலுக்கு ரேடார், வசந்தத்தில் ஆற்றுக்கு வரப்போகும் தண்ணீருக்குத் தலையணையும் குழாயும். ரேடாரையும் தரைக்கருவியையும் சேர்த்து, மானியின் அளவை வைத்து ரேடாரைத் திருத்துவது இப்போது பரவலான வழக்கம், சரியான வழக்கமும்கூட. ஆனால் முதலில் மானியின் காற்றுப் பிழையைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் பாதியை மட்டும் பிடித்த ஒரு பாத்திரத்துக்கு ஏற்ப முழு வட்டாரத்தின் கணக்கையும் பாதியாகக் குறைத்துவிடுவோம்.