வாயும் வயிறுமாக இருக்கும்போது எந்த மீன்?

நாலாம் மாதம் மசக்கை அடங்கி, மீன் குழம்பு வாசம் மறுபடி பிடிக்க ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் சண்டை மூண்டது. கணவர் வஞ்சிரம்தான் வாங்குவேன் என்றார். அத்தை, "பால்சுறா கொடுத்தாத்தான் உடம்பு தேறும்" என்றார். கடலூர் முதுநகரிலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மா மட்டும், "மத்தி எடுத்துக்கோ கண்ணு, பாப்பாவுக்கு நல்லது" என்றார். விலை குறைந்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கடைசியில் அவர் சொன்னதே சரி.

எல்லாம் பாதரசம் செய்யும் வேலை. கடலில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனின் உடம்பில் அது துளியாகச் சேரும். அந்தச் சின்ன மீன்களைத் தின்னும் மீனில் இன்னும் கொஞ்சம் கூடும். எல்லாவற்றையும் தின்று பல வருடம் வாழும் சுறாவிலோ மொத்தமாகத் தங்கிவிடும். சதையிலேயே ஊறிப்போயிருப்பதால் வறுத்தாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், வளரும் மூளையைப் பாதிக்கும் என்பதுதான் பயம்.

அதனால் சுறா வேண்டவே வேண்டாம். அமெரிக்க உணவு மருந்துக் கழகம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தின் அரசு சுகாதாரச் சேவையும் கர்ப்பிணிகள் சுறா சாப்பிடக் கூடாது என்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுக்கும் ஊர் நம்முடையது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றே இரண்டு நாள் யோசித்தேன்.

வஞ்சிரம் கொஞ்சம் குழப்பமான கேஸ். அதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள் இரண்டு அமெரிக்கக் கடலில் உண்டு. பெரிதாக வளரும் கிங் மேக்கரல் தவிர்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. சின்னதான ஸ்பானிஷ் மேக்கரல், வாரம் ஒரு தடவை சாப்பிடலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. நம் வஞ்சிரமும் பெரிதாக வளரும் வேட்டை மீன்தான். ஆசை விடாவிட்டால், பெரிய மீனை அறுத்து வைத்த துண்டை விட்டுவிட்டு, முழுசாக ஒரு சின்ன மீனை எப்போதாவது வாங்கலாம் என்று நான் முடிவு செய்தேன். சூரைக்கும் சீலாவுக்கும் இதே கணக்குதான்.

இப்போது மத்திக்கு வருவோம். இதுவும் நெத்திலியும் சின்ன வயதிலேயே வலையில் விழுபவை, மிதவை உயிரிகளைத் தின்று வாழ்பவை. பாதரசம் மிகக் குறைவு. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ கொழுப்பு மத்தியில் நிறைய. நெத்திலியை முள்ளோடு மெல்லலாம், கால்சியமும் சேர்ந்து வரும். வஞ்சிரத்தில் இது நடக்காது. கானாங்கத்தையும் நல்ல மீன்தான். எனக்கு ருசியில் அதுவே முதலிடம். இறால், நண்டில் பாதரசம் குறைவு, டிஹெச்ஏவும் மத்தி அளவுக்கு இல்லை. நண்டு சூடு என்று பயமுறுத்துவார்கள். நன்றாக வெந்திருந்தால், ஒவ்வாமையும் இல்லாவிட்டால் சாப்பிடலாம்.

அளவும் முக்கியம். வாரத்துக்கு மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை மீன் என்பது அமெரிக்கக் கணக்கு. மத்தி மாதிரி எண்ணெய் மீன் வாரம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்பது இங்கிலாந்துக் கணக்கு. மத்தி நல்லது என்று தினமும் சட்டி நிறைய வைக்க வேண்டியதில்லை.

மத்தியிலும் கானாங்கத்தையிலும் ஒரு வம்பு உண்டு. பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தலைவலி, வாந்தி என்று படுத்திவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வெளியூர் ஐஸ் மீன் எத்தனை நாள் பழசோ! அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகுக்காரர்கள் காலையில் கொண்டுவருவதை, செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துத்தான் வாங்கினேன். இன்னொன்று, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்று மீன் என்றால் எனக்குத் தயக்கம், கடல் மீன்தான் வேண்டும் என்பேன்.

கருவாடு? உப்பு அதிகம். பிரஷர் உள்ளவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

மீன் வாசமே ஆகாதவர்களுக்கு டிஹெச்ஏ மாத்திரை உண்டு, டாக்டரைக் கேட்டு வாங்கலாம். காட் லிவர் ஆயில் மாத்திரை மட்டும் வேண்டாம். அது மீன் ஈரலில் எடுப்பது, வைட்டமின் ஏ அதிகம். கர்ப்ப காலத்தில் அது மிஞ்சினால் குழந்தைக்கு ஆகாது.

பிள்ளை பிறந்ததும் சுறாப்புட்டுப் பேச்சு மறுபடி வந்தது. பூண்டும் வெங்காயமும் அள்ளிப்போட்டு, அதே பக்குவத்தில் கானாங்கத்தையில் புட்டு செய்தேன். முள் எடுத்தே விரல் ஓய்ந்தது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சுறா மாதிரி வரல" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.