ஸ்கேனியா ஆர்620: வேகத்தைக் கூட்டாமல் ஒரு ஆர்சி லாரியை மாற்றிய அனுபவம்

ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது மோட்டாரில். என் லாரியில் இன்றுவரை மாற்றாதது அந்த மோட்டார் ஒன்றைத்தான். பெட்டியில் வந்த அதே 540 ரக மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 1/14 அளவு ஸ்கேனியா ஆர்620, 6x4 (ஆறு சக்கர இடங்களில் நான்குக்கு இழுவை). இந்த அளவில் அவர்கள் லாரி கிட் விற்க ஆரம்பித்தது 1993-இல், கிங் ஹாலர் என்ற அமெரிக்க பானெட் வண்டியோடு. அலுமினிய சேஸ், கமான் பட்டை, செர்வோ என்ற சின்ன மோட்டாரால் மாறும் மூன்று கியர் என்று அன்று போட்ட அடிப்படை அப்படியே தொடர்கிறது. நம் ஊரில் ஸ்கேனியா என்றால் லாரி ஞாபகத்துக்கு வராது, பெங்களூரு போகும் மல்டி ஆக்சில் பஸ்தான் வரும். நான் இதை வாங்கியதற்குப் பாதிக் காரணமும் அந்த பஸ்தான்.

மொட்டை மாடியில் ஓட்டினால் பக்கத்து வீட்டுப் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஸ்பீடு போகும் அண்ணா?" கணக்கு எளிது. ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 90 கி.மீ.யில் நிறுத்திவிடும். அதை 14-ஆல் வகுத்தால் மணிக்கு 6.4 கி.மீ. கொஞ்சம் வேகமாக நடக்கிற ஆளின் வேகம், அவ்வளவுதான். கியர்பாக்ஸின் முதல் கியர் ஏறக்குறைய 32:1, மூன்றாவது 10:1-க்குச் சற்று மேல். சாதாரண 540 மோட்டாரில் முதல் கியரின் உச்சமே கிட்டத்தட்ட அந்த 6 கி.மீ.தான். மூன்றாவதில் முழு த்ராட்டில் கொடுத்தால் லாரி பொம்மையாகிவிடும். அதனால் நான் செலவழித்தது எல்லாம் வண்டி இன்னும் மெதுவாக, இன்னும் வழவழப்பாக நகர்வதற்காக.

பேரிங் மாற்றம் முதல் நாளே செய்ய வேண்டியது. புஷ் வரும் இடங்களில் 1150 அளவு பால் பேரிங் போட்டால் போதும், அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்பீடு கன்ட்ரோலர்தான் (இஎஸ்சி) பேச வேண்டிய விஷயம். பந்தயக் காருக்கான இஎஸ்சி சட்டென்று இழுக்கும், விட்டால் உருளும். ஹாபிவிங்கின் குயிக்ரன் 1080 பாறை ஏறும் வண்டிகளுக்காக வந்தது. அதில் டிராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) அளவை புரோகிராம் அட்டை என்ற சின்னக் கருவி வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதைக் குறைவாக வைத்துவிட்டால், த்ராட்டிலை விட்டதும் லாரி தடாலென்று நிற்காமல், பாரம் ஏற்றிய வண்டி மாதிரி நிதானமாக நிற்கிறது. என் செலவுகளில் இதற்கு ஈடான பலன் வேறெதிலும் கிடைக்கவில்லை.

ஸ்டியரிங் செர்வோவில் ஒரு அவஸ்தை. பெட்டியில் 20 கிலோ டார்க் (திருப்பும் விசை) என்று போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் மலிவாக வாங்கினேன், நடுநிலைக்கே ஒழுங்காகத் திரும்பாது. இந்த எடைக்கு 9, 10 கிலோ உண்மையாகவே தருகிற மெட்டல் கியர் செர்வோ தாராளம்.

எடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நீளம் 14-இல் ஒரு பங்கு என்றால் கனஅளவு 2744-இல் ஒரு பங்கு. 40 டன் வண்டிக்கு நேரான மாடல் எடை 14.6 கிலோ. நம் மாடல் லாரியும் ட்ரெய்லரும் சேர்ந்தாலும் அதில் பாதி வருவதே கஷ்டம், அதனால்தான் சின்னக் கல்லில் ஏறினாலும் துள்ளுகிறது. சக்கரத்துக்குச் சமன் செய்ய ஒட்டும் ஈயத் துண்டுகளை டயர் கடையில் வாங்கி, சேஸின் உள்பக்கம் தாழ்வாக, பின் ஆக்சில்களுக்கு நடுவில் ஒட்டினேன். கூடவே பின் கமானில் சில பட்டைகளை உருவிவிட்டேன். ட்ரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் லேசாக அமுங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் கமான் வெறும் அலங்காரம். டிஃபரன்ஷியலை (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) பொறுத்தவரை, பின்னால் இருக்கும் இரண்டு ஆக்சிலில் ஒன்றை மட்டும் லாக் செய்தால் போதும். இரண்டையும் லாக் செய்தால் சாய்தளம் நன்றாக ஏறும், ஆனால் வளைவில் முன்சக்கரம் திரும்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும்.

விளக்கும் சத்தமும் முழுக்க சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் சரக்கு. இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபயர், சின்ன ஸ்பீக்கர், மிச்சமெல்லாம் எல்இடி. லாரி இன்ஜின் சத்தம், இண்டிகேட்டர், ஏர் பிரேக் சீறல் எல்லாம் தருகிற திறந்தமூல நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கத்தில் ஸ்டியரிங்கை ஓரம் வரை திருப்பினாலே இன்ஜின் சத்தம் அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும். செர்வோ இழுக்கும் கரண்டில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீஸ்டார்ட் ஆவதுதான் காரணம். செர்வோவுக்குத் தனி பிஇசி (வோல்டேஜைச் சீராகத் தரும் சின்ன போர்டு) கொடுத்ததும் சரியாகிவிட்டது.

எல்இடி விஷயத்தில் பலரும் பிரகாசத்தைத் துரத்துகிறார்கள். முழு சார்ஜில் பேட்டரி 8.4 வோல்ட், வெள்ளை எல்இடிக்கு 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் ரெசிஸ்டர் 260 ஓம் வரும், 270 போடலாம். நான் ஹெட்லைட்டுக்கு 470, கூரை விளக்குகளுக்கு 1 கிலோ ஓம் போட்டிருக்கிறேன். மங்கலாக எரிந்தால்தான் லாரி பெரிதாகத் தெரிகிறது. கேபினின் உள்பக்கம் கறுப்பு அடிக்காமல் விட்டால் பிளாஸ்டிக் முழுக்க ஒளிர்ந்து சாமி ஊர்வல வண்டி ஆகிவிடும். கண்ணாடி ஒட்ட ஃபெவிகால்தான். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

பெயிண்ட் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டமியாவின் டிஎஸ் ஸ்ப்ரே இந்த பாடிக்கானது, பிஎஸ் என்று எழுதியிருப்பது பாலிகார்பனேட் கார்களுக்கு, மாற்றி வாங்கிவிட வேண்டாம். டப்பாவுக்குள் அழுத்த வாயு இருப்பதால் விமானக் கூரியரில் வராது. உள்ளூர் கார் பெயிண்ட் கடை லாக்கரை வைத்தும் சமாளிக்கலாம், ஆனால் அதன் தின்னர் காரமானது. பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, மெல்லிய மெல்லிய கோட்டாகப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். ஈரக் காற்றில் பளபளப்பு பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். க்ரோம் பூச்சு பிடிக்காதவர்கள் வீட்டில் இருக்கும் ப்ளீச்சில் ஊறப் போட்டால் கரைந்துவிடும். ஒட்டவேண்டிய இடத்திலாவது சுரண்டியே ஆக வேண்டும், க்ரோம் மேல் பசை நிற்காது.

ட்ரெய்லர் மட்டும் சொந்தத் தயாரிப்பு. ஜன்னல் செய்யும் கடையில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகள், வாங்கிய ஆக்சில்கள். 40 அடி கன்டெய்னர் இந்த அளவில் 87 செ.மீ. வருகிறது, அதை அலமாரியில் வைக்க வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை தனிக்கதை. ரிவர்ஸ் எடுப்பதற்கு நீள ட்ரெய்லர்தான் சுலபம், குட்டையானது நொடியில் மடங்கிவிடும். இரண்டு தண்ணீர்க் கேனுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைக்கிற வேலை எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சத்தத்தை மட்டும் இப்போதெல்லாம் பாதிக்கும் மேல் குறைத்துத்தான் வைக்கிறேன்.

இத்தனை காலத்தில் தேய்ந்தது என்ன என்று பார்த்தால், கியர் நன்றாகவே இருக்கிறது, கிரீஸ் மட்டும் மாற்றினேன். கடற்கரை ஓரம் வீடு என்பதால் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்தன, அவற்றை துருப்பிடிக்காத எஃகு ரகத்துக்கு மாற்றினேன். மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன கியரான பினியனின் கிரப் ஸ்க்ரூவுக்கும் சேஸ் ஸ்க்ரூக்களுக்கும், கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் அவசியம். ஆனால் அது பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும், குச்சி நுனியில் தொட்டு வைப்பது நல்லது. லைப்போ பேட்டரியை ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுகிறேன். மே மாத வெயிலில் முழு சார்ஜில் மாடி அறையில் விடுவதில்லை.

வாங்க நினைப்பவர்கள் கிட் விலையோடு சுங்கவரியையும் சேர்த்து, அதற்கு மேல் ரேடியோ, இஎஸ்சி, செர்வோக்கள், பேட்டரிக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். இதில் எதுவும் கிட்டில் வராது. கை இறுக்கமாக இருந்தால் பேரிங், நல்ல இஎஸ்சி, ஈயத் துண்டு, இந்த வரிசையில் போகலாம். அலுமினிய பம்பரும் மெட்டல் ரிம்மும் புகைப்படத்தில் அழகு, ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. என் பட்டியலில் அடுத்து இருப்பது ட்ரெய்லர் விளக்கு. இப்போது மாட்டும்போதெல்லாம் கையால் கனெக்டர் செருக வேண்டியிருக்கிறது. ஐந்தாம் சக்கரத்திலேயே (லாரியில் ட்ரெய்லர் மாட்டும் தட்டு) காந்தத் தொடுமுனை வைத்து, மாட்டியதும் தானாக எரியும்படி செய்யப் பார்க்கிறேன்.